தண்ணி எத்தனை மணிக்கு வரும்?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நகராட்சியில் புதிய குடிநீர்த் திட்டத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடந்தது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஊராக இருந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. வேலைக்குப் போகும் பெண் ஒருத்திகூட வர முடியாத நேரம். நாற்காலிகளை நிரப்புவதற்காக மகளிர் குழுவிலிருந்து பத்துப் பதினைந்து பேரை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும் போயிருந்தேன்.

திரையில் வரைபடம் வந்தது. ஆற்றிலிருந்து நீலக் கோடு, சுத்திகரிப்பு நிலையம், மேல்நிலைத் தொட்டிகள், தெருத்தெருவாகக் குழாய். முப்பது வருடம் கழித்து நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு, அப்போது ஆளுக்கு எத்தனை லிட்டர், மொத்தம் எத்தனை மில்லியன் லிட்டர் என்று ஒரு அதிகாரி பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர்தான். கடைசியில் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். நான் எழுந்து கேட்டேன்:

"தண்ணி எத்தனை மணிக்குங்க வரும்?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். "அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்மா. இது பெரிய திட்டம். முப்பது வருஷத்துக்குப் போடுறது" என்றார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை. முப்பது வருடத்துக்குத் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, நாளைக் காலையில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. குழாய்க்கு முன்னால் நிற்கப்போவது அவர்கள் இல்லை என்பதுதான் காரணம்.

என் அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போனவள். கூடலூர், கம்பம், போடி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் நிற்கும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று பாதைகளில் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும். ஜீப் யாருக்காகவும் நிற்காது. தண்ணீரும் நிற்காது. நல்ல தண்ணி விடிகாலையில் வந்தால் அம்மா பிடித்து வைத்துவிட்டு ஓடுவாள். ஏழு மணிக்கு மேல் வந்தால் நான் பிடிக்க வேண்டும், அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் எனக்குக் கிடையாது. எப்போது வரும் என்றே தெரியாத நாட்களில் அம்மா ஜீப்பை விட்டுவிடுவாள். ஒரு நாள் கூலி போகும். "இன்னைக்கித் தண்ணிக்கு இருந்துட்டேன்த்தா" என்பாள். காய்ச்சலுக்கு இருந்தேன், சாவு வீட்டுக்கு இருந்தேன் என்பது மாதிரி.

அந்தக் கூலியை எந்தத் திட்ட அறிக்கை கணக்கில் வைத்தது? தண்ணீருக்கு நாங்கள் விலை கொடுப்பதில்லை, அதனால் அருமை தெரியாமல் வீணாக்குகிறோம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். என் அம்மா கொடுத்த விலை எந்த ரசீதிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு வார்டு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு பெண், தண்ணீருக்காக விழித்துக் காத்து, பிடித்து, தூக்கி, மூடி வைப்பதற்கு நாளுக்கு ஒரு மணி நேரம். தினமும் ஆயிரம் மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்று வகுத்தால் 125 பேரின் முழுநாள் உழைப்பு. ஒரு வார்டுக்கு 125 சம்பளமில்லாத குடிநீர்ப் பணியாளர்கள். உலகம் முழுவதும் பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் சேகரிக்க நாளொன்றுக்கு 20 கோடி மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று 2016-இல் யுனிசெஃப் சொன்னது. அந்த எண் ஆப்பிரிக்கக் கிராமங்களை மட்டும் பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம். நமது நகரங்களின் அடுப்படிகளும் அதில் இருக்கின்றன.

இன்னொரு கணக்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை என்று தண்ணீர் விடும் ஊரில் வீட்டுக்கு வீடு ட்ரம், குடம், அண்டா, பக்கெட் என்று 500 லிட்டராவது பிடித்து வைத்தாக வேண்டும். ஆயிரம் வீட்டுக்கு 5 லட்சம் லிட்டர். நகராட்சி கட்ட வேண்டிய ஒரு மேல்நிலைத் தொட்டியை அந்த வார்டின் பெண்கள் அடுப்படியிலும் வாசலிலும் கட்டி வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் செலவும் டெண்டரும் இல்லாமல். ஆனால் டெங்கு காலம் வந்தால் அதே ட்ரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்க்க ஆள் வருவார்கள். புழு இருந்தால் "தண்ணியைத் தேக்கி வைக்கலாமாம்மா?" என்று கண்டிப்பார்கள், அபராதம்கூடப் போடுவார்கள். தினமும் தண்ணீர் விட்டால் யார் தேக்கி வைக்கப்போகிறார்கள்?

இப்போதுதான் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறது. தெருக்குழாயில் வரிசை போட்ட தலைமுறையின் மகளாக அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடுப்பில் குடம் சுமந்து தேய்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் குழாய் மட்டும்தான் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வரும் நேரம் இன்னும் வால்வு திறப்பவர் கையில் இருக்கிறது. முன்பு காத்திருப்பு தெருவில் நடந்தது. சண்டை வந்தது, அதே வரிசையிலிருந்து காலிக்குடத்தோடு சாலையை மறிக்கும் கூட்டமும் வந்தது. இப்போது ஒவ்வொருத்தியும் அவளவள் வீட்டில் தனியாக மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி மோட்டார் போட்டு உறிஞ்சுகிறாள் என்று அவளோடு சண்டை. அடுத்த வீட்டைத் தாண்டி யாரையும் கேள்வி கேட்க முடியாதபடி பிரச்சினை சுவருக்குள் போய்விட்டது.

லிட்டர் கணக்குக்கும் வருவோம். நமது நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்குப் பின்பற்றப்படும் அளவுகோல் இது: குழாய் உண்டு, பாதாளச் சாக்கடை இல்லை என்றால் அந்த ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135. பெருநகரத்துக்கு 150. ஊரகப் பகுதிக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55. சாக்கடைக் குழாயில் கழிவு ஓடுவதற்குத் தண்ணீர் வேண்டும், அதனால் அந்த வித்தியாசம் என்பது தொழில்நுட்ப விளக்கம். சரி. சாக்கடை இல்லாத ஊரில் அந்தக் கழிவுநீரை யார் அள்ளி ஊற்றுகிறார்கள்? மாதவிடாய் நாட்களில் துணியும் உடம்பும் கழுவ, பிரசவித்த வீட்டில், படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் எத்தனை லிட்டர் கூடுதலாகப் போகும்? 'ஆளுக்கு' என்ற சொல்லில் இருக்கும் அந்த ஆள் யார் என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. காலையில் குளித்துவிட்டு வெளியே போய், இரவில் திரும்பி வருகிற ஒருவரை மனதில் வைத்துத்தான் அந்த அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். நகரங்களின் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊரில் பேசினால் பேச்சு லோயர்கேம்ப்பில் போய்த்தான் நிற்கும்.

1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர், லோயர்கேம்ப் மின் நிலையத்தைத் தாண்டி முல்லையாறாக இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று பள்ளத்தாக்கு முழுக்க ஓடி, தேனியைக் கடந்து வைகை அணைக்குப் போகிறது. இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. ஆற்றங்கரை நெடுக உறைகிணறுகள் போட்டுத்தான் ஊர்கள் குடிக்கின்றன.

மதுரை வளர்ந்தது. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் குழாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதற்காக லோயர்கேம்ப்பிலேயே தண்ணீரை எடுத்து, குழாய் வழியாக மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டம் வந்தது. ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய். 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் விவசாயிகள் எதிர்த்தார்கள். மதுரைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆற்றில் விடுங்கள், வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆற்றில் விட்டால் வழியில் திருட்டு மோட்டார், ஆவியாதல் என்று சேதாரம், குழாயில் சேதாரம் இல்லை என்பது மறுதரப்பு.

12.5 கோடி லிட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 51 கனஅடி. மழைக்காலத்தில் இது பெரிய அளவே இல்லை. ஆனால் கோடையில் குடிநீருக்கென்று அணையிலிருந்து 100 கனஅடி மட்டும் திறக்கிற நாட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படியொரு நாளில், கூடுதலாகத் திறக்காமல் 51 கனஅடியைப் பள்ளத்தாக்கின் வாசலிலேயே குழாய்க்குள் திருப்பினால், ஆற்றில் மீதம் ஓடுவது பாதிகூட இல்லை. அவர்கள் 'சேதாரம்' என்று எழுதுவதில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கி எங்கள் உறைகிணறுகளையும் தோட்டத்துக் கிணறுகளையும் ஊற வைக்கிற தண்ணீர். வரைபடத்தில் அது வீண். உறைகிணறு வற்றினால் குடத்தோடு அலையப்போகிறவளுக்கு அது வீண் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, என் பக்கத்து ஆண்களையும் கேட்க வேண்டும். இந்தச் சண்டை முழுக்க 'பள்ளத்தாக்கு விவசாயி' எதிர் 'மதுரைக்காரன்' என்றே நடந்தது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள், ஆனால் 'விவசாயி' என்றால் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர். போராட்ட மேடையில் இருந்த பெண்களைப் பல நேரம் ஒரு கையில் எண்ணிவிடலாம். மதுரையின் விளிம்பில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிறவளும், கூடலூரில் ஜீப்பைத் தவறவிட்டு நிற்கிறவளும் எதிரிகளா? இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தண்ணி எத்தனை மணிக்கு வரும்? அவர்களை ஒரு இடத்தில் உட்கார வைத்துப் பேசவிட்டிருந்தால் கோடையில் அணையிலிருந்து எவ்வளவு திறப்பது, ஆற்றுக்கு எவ்வளவு விட்ட பிறகு குழாய்க்கு எடுப்பது என்றுதான் பேச்சு தொடங்கியிருக்கும். ஊருக்கு ஊர் மானப் பிரச்சினையாக அது மாறியிருக்காது.

மானத்துக்கு நடக்கும் சண்டையில் விலை கொடுப்பது யார் என்று எங்களுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுக்காகப் பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கி நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஏராளம். அதே வாரங்களில் ஏலத்தோட்டப் பெண்கள் பயந்துபோய் மலையிறங்கி வந்தார்கள், வேலை போயிற்று, அடுப்பு எரியவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றபோது பட்டாசு வெடித்தோம். பென்னிகுயிக்குக்கு லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது, தை மாதத்தில் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். வைக்கட்டும். ஆனால் அணையில் 142 அடி நின்றாலும் என் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது என்றால், அதைப் பற்றிப் பேச எந்த மண்டபமும் இல்லை.

கடைசி வீடு என்றேன். குழாயின் கடைசி நுனி எந்தத் தெருவில் முடிகிறது என்று ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் காலனியில்தான் முடியும். அழுத்தம் குறைந்து, கலங்கலாக, கடைசியாக வரும். 1927-இல் மகத் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீரைக் கையில் அள்ளியதிலிருந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டிக்குள் மலம் கிடந்தது. தண்ணீருக்குச் சாதி தெரியாது, குழாய் பதிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கடைசித் தெருவின் பெண் மற்ற பெண்களைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக விழித்திருக்கிறாள். பெண்கள் என்று ஒரே பேரில் எல்லோரையும் அடைத்துப் பேசும்போது அந்த இரண்டு மணி நேரத்தை நாமும் மறந்துவிடுகிறோம்.

நிலைத்து நிற்கும் திட்டம் என்கிறார்கள். எது நிலைக்கும்? குடிப்பதற்கு மேலே எடுத்து, கழிவைக் கீழே விடுகிற வரைக்கும் எதுவும் நிலைக்காது. பள்ளத்தாக்கு ஊர்களின் சாக்கடை கலந்து ஓடுகிற அதே ஆறு வைகை அணைக்குப் போகிறது. அங்கிருந்து ஆண்டிபட்டி, சேடபட்டிப் பக்கத்து ஊர்களும் மதுரையும் குடிக்கின்றன. மேலே இருக்கிற நகரத்தின் கழிவு கீழே இருக்கிற நகரத்தின் குடிநீர். தேனி ஊருக்குள்ளேயே மீறுசமுத்திரம் கண்மாய் இருக்கிறது, ராஜவாய்க்கால் இருக்கிறது. அவற்றில் நல்ல தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகள் ஊறும். கண்மாயைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு நெடுந்தூரக் குழாய்க்குக் கடன் வாங்குவதை வளர்ச்சி என்று நம்பப் பழகிவிட்டோம். மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் முழுக்க 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். வரைபடம் ஒப்புதலாகிற அன்றைக்கு இருக்கும் அந்தக் குழி, மறுவருடம் எத்தனை வீட்டில் உயிரோடு இருக்கிறது?

பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்பார்கள். கொடுத்தது உண்மை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரித் தேர்தலில் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும், வால்வை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அறைக்குள் அந்த உறுப்பினர்கள் எத்தனை பேர் போகிறார்கள்? பல வார்டுகளில் போன் எடுப்பது கணவர், ஒப்பந்தக்காரரோடு பேசுவது கணவர், கையெழுத்து மட்டும் அக்காவுடையது. 1992-இல் டப்ளினில் கூடிய சர்வதேச மாநாடே தண்ணீரை வழங்குவதிலும் நிர்வகிப்பதிலும் காப்பதிலும் பெண்களின் பங்கு மையமானது என்று ஒரு கொள்கையாக அறிவித்தது. முப்பது வருடம் தாண்டிவிட்டது. நிர்வகிப்பது என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, காப்பதையும் சுமப்பதையும் நம்மிடம் தந்திருக்கிறார்கள்.

அதனால் சில விஷயங்களைக் கெஞ்சிக் கேட்பதை நிறுத்திவிட்டு உரிமையாகக் கேட்போம்.

ஒன்று, நேரம். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பதை எழுதி ஒட்ட வேண்டும். மாறினால் முந்தின நாளே சொல்ல வேண்டும். அந்த நேரத்தை அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டு வைக்க வேண்டும். இதற்கு 1,300 கோடி தேவையில்லை.

இரண்டு, வரிசை. அழுத்தம் குறைந்த கடைசித் தெருவுக்கு முதலில் தண்ணீர். அங்கே நிறைந்த பிறகு மற்றவர்களுக்கு.

மூன்று, கணக்கு. தொட்டியிலிருந்து வெளியேறுவது எவ்வளவு, வார்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று அளந்து வார்டில் எழுதிப் போட வேண்டும். ஒழுகுவதை அடைக்காமல் இன்னொரு ஆற்றுக்குக் குழாய் போடக் கூடாது. திட்ட அறிக்கையில் லிட்டருக்குப் பக்கத்திலேயே பெண்களின் மணி நேரத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். திட்டத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று. அந்த எண் குறையவில்லை என்றால் திட்டம் தோற்றது என்று எழுத வேண்டும்.

நான்கு, ஆறு. கோடையில் ஆற்றுக்கென்று குறைந்தபட்ச ஓட்டத்தை உறுதி செய்த பிறகே குழாய்க்கு எடுக்க வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை ஒரு சொட்டும் முல்லையாற்றில் விழக் கூடாது.

ஐந்து, அறை. வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-இல் விதிகள் வந்துவிட்டன. அந்தக் கூட்டத்தை ஜீப் திரும்பி வந்த பிறகு, மாலையில், தெருவிலேயே நடத்த வேண்டும். வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். எங்கள் தெருவில் எந்த மேட்டில் தண்ணீர் ஏறாது என்பதை நாங்கள் காட்டுகிறோம். முப்பது வருடமாகக் குடம் தூக்கியவளுக்கு அது தெரியும்.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு வாரம் உங்கள் வீட்டில் தண்ணீருக்காக யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மா, அப்பத்தா, மதினி, நீங்கள், தம்பி, அப்பா என்று எல்லோருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். சில கட்டங்கள் காலியாகவே இருக்கும், அதையும் அழிக்காமல் வையுங்கள். தெருவில் நாலு பேரிடம் அந்த நோட்டு இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

என் அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை, முட்டி தேய்ந்துவிட்டது. ஆனாலும் இன்றும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது அவளுக்கு. குழாயைத் திறந்து வைத்துவிட்டு, காற்று சீறுகிற சத்தத்தைக் கேட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். "வரும்த்தா, நீ படு" என்பாள். ஐம்பது வருடமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கூட்டத்தில் நான் மறுபடியும் எழுந்து அதே கேள்வியைக் கேட்கப்போகிறேன். இந்த முறை கையில் நோட்டோடு.